பி.பி. நம்பர் இல்லாமல் செல்போனை விட முடியுமா?

கும்பகோணத்தில் இருக்கும் என் பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயது. செல்போன் கிடையாது. நாங்கள் வாங்கிக் கொடுத்த இரண்டையும் டப்பாவோடு திருப்பிக் கொடுத்துவிட்டார். காலையில் காபி, பேப்பர், கோயில், மத்தியானம் ஒரு தூக்கம். போன வருடம் மூன்று நாள் அவர் வீட்டில் தங்கியபோது, நானும் ஸ்மார்ட்போனை விட்டுவிடுவது என்று முடிவு கட்டினேன்.

அதே மூன்று நாளில் இன்னொன்றும் நடந்தது. காஸ் சிலிண்டர் வந்தது. டெலிவரிக்கு வந்த பையன் எஸ்எம்எஸ்ஸில் வரும் கோடு நம்பரைக் கேட்டான். பெரியப்பா லேண்ட்லைனில் சென்னையில் இருக்கும் அக்காவைக் கூப்பிட்டார். அக்கா அலுவலக மீட்டிங்கில் இருந்தாள். அவள் எடுத்து, எஸ்எம்எஸ்ஸைத் தேடி, எண்ணைச் சொல்லும்வரை அந்தப் பையன் வாசலில் சிலிண்டர் மேலேயே உட்கார்ந்திருந்தான். "பாவம், மோர் கொடு" என்றார் பெரியப்பா, ரொம்ப நிம்மதியாக.

பழைய கல்யாணப் பத்திரிகைகளில் போன் நம்பருக்குப் பக்கத்தில் 'பி.பி.' என்று போட்டிருக்கும். நம்பர் நம்முடையதில்லை, பக்கத்து வீட்டுக்காரருடையது, கூப்பிட்டால் ஆளை வரச்சொல்வார்கள் என்று அர்த்தம். பெரியப்பாவின் பி.பி. நம்பர் இப்போது அக்கா. பாங்க், காஸ், ஆதார் எல்லாவற்றிலும் அவள் நம்பர்தான்.

அதனால் ஸ்மார்ட்போனை விடும் வழிகளை ஒப்பிடும்போது எது எளிமை, எது சிக்கனம் என்பதோடு இன்னொரு கேள்வியையும் வைத்துக்கொண்டேன்: நான் இறக்கி வைக்கும் சுமை யார் தலையில் ஏறுகிறது?

போனே வேண்டாம்

இருபது, இருபத்தைந்து வருடம் முன்பு கையில் போன் இல்லாமல் இருப்பது ஒரு சாதனையே இல்லை. போனை ஊர் சுமந்தது. தெருவுக்கு ஒரு எஸ்டிடி பூத், பெட்டிக்கடை வாசலில் ஒரு ரூபாய் காயின் போன். இந்தியாவில் முதல் செல்போன் அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நடந்தது. அப்புறமும் பல வருடம் நம்மில் பெரும்பாலோர் பூத்தில்தான் வரிசையில் நின்றோம். இன்று அந்தப் பூத்துகள் ஜெராக்ஸ் கடையாகிவிட்டன. கையில் போன் இல்லாதவன் நடுவழியில் மாட்டினால் முன்பின் தெரியாத ஒருவரிடம் "ஒரு கால் பண்ணிக்கலாமா" என்று கேட்க வேண்டும். கேட்டுப் பாருங்கள், அவர் முகம் எப்படி மாறுகிறது என்று.

இரண்டாவது சிக்கல் பெரியது. செல் நம்பர் இப்போது பேசுவதற்கானது மட்டுமில்லை, அதுவே ஆள் அடையாளம். கார்டில் ஆன்லைனில் ஒரு புத்தகம் வாங்கினாலும் ஓடிபி. வருமான வரிக் கணக்கு போட்டாலும் ஓடிபி. ஆன்லைனில் தட்கல் டிக்கெட் எடுப்பதற்கும் 2025 ஜூலையிலிருந்து ஆதார் ஓடிபி வேண்டும். எதற்கும் நேரில் போகும் வழி ஒன்று பெரும்பாலும் இருக்கிறது. இ-சேவை மையத்தில் விரலை வைக்கலாம், பாங்கில் டோக்கன் வாங்கி உட்காரலாம். ஓய்வு பெற்றவருக்கு அது பொழுதுபோக்கு. வேலைக்குப் போகிறவருக்கு ஒவ்வொன்றும் அரைநாள் லீவு.

லேண்ட்லைன் இருந்தால் சமாளிக்கலாமே என்றால், பேசுவதற்குச் சமாளிக்கலாம். செல்போனைக் கூப்பிட முன்னால் பூஜ்யம் போட வேண்டும், 2021 ஜனவரியிலிருந்து அப்படி. ஓடிபி எஸ்எம்எஸ் அதில் வராது. பழைய செம்புக் கம்பி லைனுக்கு எக்ஸ்சேஞ்சிலிருந்தே மின்சாரம் வரும். வீட்டில் கரண்ட் போனாலும் டயல் டோன் இருக்கும். இப்போது ஃபைபரோடு சேர்த்துத் தரும் லைனில் மோடத்துக்குக் கரண்ட் வேண்டும். யுபிஎஸ் இல்லாவிட்டால் புயலடிக்கும் ராத்திரியில், ஆபத்துக்குத் தேவைப்படும் அந்த நேரத்தில், ஊமையாகிவிடும்.

பெரியப்பாவுக்கு இது சரிப்பட்டு வருகிறது. ஏனென்றால் அவருக்கு அக்கா இருக்கிறாள். நாற்பத்து மூன்று வயதில், பள்ளிக்கூடம் போகும் பிள்ளையோடு இருக்கும் எனக்கு இது சரிவராது என்று செய்து பார்க்காமலே தெரிந்துவிட்டது.

பட்டன் போன்

ஐந்து மாதம் இதில் ஓட்டினேன். கடைக்காரர் முதலில் கேட்டது மாடலை இல்லை, "எந்த சிம் சார்?" என்றுதான். நல்ல கேள்வி. ஜியோ 4ஜி, 5ஜியில் மட்டும் ஓடுவது. பழைய 2ஜி பட்டன் போனில் அந்த சிம் வேலை செய்யாது. பீரோவில் கிடக்கும் நோக்கியாவைத் தூசி தட்டி எடுக்க நினைப்பவர்கள் இதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். 4ஜி பட்டன் போன் என்றால் பெரும்பாலும் எந்த சிம்மும் போடலாம். விலை ஆயிரத்திலிருந்து மூவாயிரத்துக்குள். ரீசார்ஜில் ஒரு நல்ல செய்தி: டேட்டா இல்லாமல் பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள திட்டம் தனியாகத் தரவேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் 2024 டிசம்பரில் விதி போட்டது. அடுத்த மாதமே பெரிய நிறுவனங்கள் 84 நாள் திட்டங்களை 450 ரூபாயைச் சுற்றிக் கொண்டுவந்தன.

கிடைத்ததைச் சொல்லிவிடுகிறேன். சார்ஜ் ஐந்து நாள் நிற்கும். தாம்பரத்திலிருந்து கடற்கரைக்கு ரயிலில் போகும் ஒரு மணி நேரம் எவ்வளவு நீளமானது என்று தெரிந்தது. பரங்கிமலையில் ஏறும் பூக்காரம்மா கிண்டி வருவதற்குள் எத்தனை முழம் கட்டுகிறார் என்றுகூட எண்ணினேன். ராத்திரி பதினொன்றுக்கு முன்னாலேயே தூக்கம் வந்தது. இது எதிலும் பொய்யில்லை.

போனதையும் சொல்ல வேண்டும். ஒரு பாங்க் கிளையில் முகவரி மாற்றப் போயிருந்தேன். ஓடிபி அனுப்பினார்கள், வரவில்லை. மறுபடி, வரவில்லை. மூன்றாவது தடவை கவுன்டரில் இருந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அப்போதுதான் கவனித்தேன், திரையின் மூலையில் ஒரு சின்னக் கடித உறை துடித்துக்கொண்டிருந்தது. இன்பாக்ஸ் நிறைந்துவிட்டது. லோன் வேண்டுமா, மனை வேண்டுமா என்று வந்த எஸ்எம்எஸ்கள் இருநூறு. அந்த மாடலில் ஒவ்வொன்றாகத்தான் அழிக்க வேண்டும். 'ஆப்ஷன்ஸ், டெலீட், ஓகே' என்று நான் அழுத்திக்கொண்டிருக்க, பின்னால் நின்றவர் "சார், நான் முன்னாடி போகட்டுமா" என்றார்.

பணம் அனுப்ப வழி இல்லாமல் இல்லை. *99# அடித்து, வரும் பட்டியலில் எண்களை அழுத்தி இணையமே இல்லாமல் அனுப்பலாம். ஒரு தடவைக்கு 5,000 ரூபாய் வரை. பட்டன் போனுக்கென்றே 2022இல் யுபிஐ 123பே வந்தது. பேசும் குரலைக் கேட்டு எண்களை அழுத்த வேண்டும். இரண்டும் வேலை செய்கின்றன, ஆனால் தள்ளுவண்டியில் இளநீர் குடித்துவிட்டுச் செய்கிற வேலை இல்லை. கேமராவோடு கியூஆர் கோடு படிக்கும் ஜியோபாரத் மாதிரி 4ஜி போன்களும் உண்டு. அதில் சினிமாவும் பாட்டும் கூடவே வருகின்றன. எதை விட்டு ஓடினோமோ அதன் தம்பி. நான் ரொக்கத்துக்குத் திரும்பினேன். ஏடிஎம் 500 ரூபாயாகத் தள்ளும். கண்டக்டரிடம் 500ஐ நீட்டினால் என்ன கேட்க வேண்டுமோ அதைக் கேட்டேன்.

இதெல்லாம் என் கஷ்டம், நான் படுகிறேன். இடித்தது வாட்ஸ்அப். ஒரு காலத்தில் ஜியோபோனில் வாட்ஸ்அப் வந்தது, இப்போது அந்த ஆதரவும் நின்றுவிட்டது. பையனின் வகுப்புக் குரூப்பில்தான் வீட்டுப்பாடம், நாளைக்கு எந்தக் கலர் சட்டை, வேன் வராது எல்லாம். அடுக்குமாடித் தண்ணீர் லாரிக் கணக்கு இன்னொரு குரூப்பில். அலுவலகத்தில் மேலாளர் "உங்களுக்குத் தனியா போன் பண்ணிச் சொல்லணுமா" என்று கேட்டார், சிரித்துக்கொண்டேதான். எல்லாமே மெல்ல மெல்ல மனைவியின் போனுக்குப் போய்ச் சேர்ந்தன. நான்காவது மாதம் அவள் சொன்னாள்: "நீங்க சாமியாராயிட்டீங்க. நான் உங்க பி.ஏ. ஆயிட்டேன்." பெரியப்பாவுக்குப் பி.பி. நம்பரான அக்காவின் குரல் மாதிரியே இருந்தது.

பிள்ளைகள் வளர்ந்துவிட்டவர்கள், தனியாக இருப்பவர்கள், சொந்தக் கடை வைத்திருப்பவர்கள் பட்டன் போனைத் தாராளமாக எடுக்கலாம். குடும்பத்தில் ஒருவர் மட்டும் எடுத்தால் கணக்கு மற்றவர் பெயரில் ஏறும்.

ஸ்மார்ட்போனையே இளைக்க வைப்பது

எல்லாரும் சொல்லும் யோசனை இதுதான். ஆப்களை அழி, திரையைக் கறுப்பு வெள்ளையாக்கு, நோட்டிஃபிகேஷனை நிறுத்து. எனக்குப் பதினொரு நாள் தாங்கியது. பன்னிரண்டாம் நாள் பிரவுசர் வழியாகக் கறுப்பு வெள்ளையிலேயே ரீல்ஸ் பார்த்துக்கொண்டிருந்தேன். மனஉறுதி உள்ளவர்களுக்கு இதுவே போதும், ஆனால் அவர்களுக்கு முதலில் இந்தப் பிரச்சினையே வந்திருக்காது. வெளிநாட்டில் எளிமைக்கென்றே விற்கும் லைட் போன் மாதிரி கருவிகள் அழகாக இருக்கின்றன. வாட்ஸ்அப்பும் யுபிஐயும் இல்லாத போனுக்கு ஸ்மார்ட்போன் விலை கொடுக்க எனக்கு மனசு வரவில்லை.

கட்டிப்போட்ட போன்

இப்போது இருப்பது இந்த ஏற்பாடு. பழைய ஸ்மார்ட்போன் வீட்டை விட்டு வெளியே வராது. டிவிக்குப் பக்கத்தில், ஒரு காலத்தில் லேண்ட்லைன் இருந்த அதே ஸ்டூலில், முக்கால் அடி சார்ஜர் வயரில் இருக்கிறது. நின்றுகொண்டுதான் பார்க்க முடியும், கால் வலித்தால் வைத்துவிட வேண்டியதுதான். உலகத்துக்குத் தெரிந்த என் பழைய நம்பர் அதில். பாங்க், ஆதார், பள்ளிக் குரூப் எல்லாம் அதோடு. பட்டன் போனில் ஒரு புது நம்பர்; பதினான்கு பேருக்கு மட்டும் தெரியும்.

சிம் இல்லாமல் வைஃபையில் மட்டும் வாட்ஸ்அப்பை ஓட்டலாமே என்று நானும் முதலில் நினைத்தேன். யுபிஐ ஆப்கள் சிம்மோடு பிணைந்தவை. மெசேஜ் ஆப்களும் போனுக்குள் இருக்கும் சிம்மோடு பிணைந்தே இருக்க வேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை 2025 நவம்பரில் உத்தரவு போட்டது. அதனால் சிம் வீட்டு போனிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

குறை உண்டு. இரண்டு ரீசார்ஜ். வெளியில் இருக்கும்போது ஓடிபி கேட்டால் கைவிரிக்க வேண்டும். கார்டைத் தேய்க்க பின் நம்பர் போதும் என்பதால் கடைகளில் பிழைக்கிறேன். கணக்கிலிருந்து யாராவது பணத்தை உருவினால் சாயங்காலம்தான் தெரியும். சைபர் மோசடிக்கு 1930ஐ எவ்வளவு சீக்கிரம் கூப்பிடுகிறோமோ அவ்வளவு நல்லது என்பதால், அந்தக் கணக்கில் மாதச் செலவுக்கு மேல் வைப்பதில்லை. வழி தெரியாமல் அலைவதும் உண்டு. போன வாரம் வில்லிவாக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தைத் தேடி மூன்று ஆட்டோக்காரர்களிடம் கேட்டேன். மூன்று பேரும் மூன்று வழி சொன்னார்கள். சாப்பாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டேன்.

ஆனால் வகுப்புக் குரூப்பை இப்போது நான்தான் பார்க்கிறேன், ஏழரை மணிக்கு, நின்றுகொண்டே. தண்ணீர் லாரிக் காசு நான்தான் அனுப்புகிறேன். மனைவி பி.ஏ. வேலையை ராஜினாமா செய்துவிட்டாள்.

பெரியப்பாவிடம் போனில் இதையெல்லாம் விவரமாகச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்படின்னா அந்த ஸ்டூல் போன் எப்பவும் வீட்டுலயே இருக்குமா?" என்றார். இருக்கும் என்றேன். "சரி, நம்பரைச் சொல்லு. அக்கா பாவம், எப்பப் பார்த்தாலும் மீட்டிங்ல இருக்கா. காஸ்காரனுக்கு இதைக் கொடுத்துடறேன்."