கடைக்கு சாஃப்ட்வேர் எழுத கோ மொழி எப்படி?

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கும் காசிமேட்டில் மீன் கணக்கு பார்ப்பவர்களுக்கும் பில்லிங், ஸ்டாக் புரோகிராம் எழுதித் தருவது என் தொழில். எந்த மொழியில் எழுதலாம் என்று கேட்கும் ஏரியா பசங்களுக்கு நான் தயங்காமல் சொல்வது கோ (Go) என்ற புரோகிராமிங் மொழி.

முதல் காரணம், முடித்ததைக் கையில் கொடுக்க முடிகிறது. பைத்தான் மொழியில் எழுதுவது சுலபம்தான், ஒரு எக்செல் ஃபைலைப் பிரித்து மேய இன்றைக்கும் அதைத்தான் எடுப்பேன், ஆனால் கல்லாவில் இருக்கும் கம்ப்யூட்டரில் அதை ஓட வைக்க பைத்தான் வேண்டும், சரியான வெர்ஷன் வேண்டும், பேக்கேஜ்கள் வேண்டும். கோ மொழியில் என் லினக்ஸ் லேப்டாப்பிலேயே விண்டோஸுக்கான ஒரே ஃபைலை உருவாக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் காப்பி செய்தால் வேலை முடிந்தது. 2021-இல் வந்த கோ 1.16 வெர்ஷனிலிருந்து வெப் பக்கங்களையும் அந்த ஃபைலுக்குள்ளேயே வைத்துவிடலாம். தீபாவளி சீசனில் கடை நிரம்பி வழியும்போது பில் நின்றால் முதலாளி நம்மைத்தான் கூப்பிடுவார், அதனால் இது எனக்குப் பெரிய விஷயம்.

பட்டன், விண்டோ போட கோ மொழியில் சொந்தமாக எதுவும் இல்லை. அதனால் புரோகிராமே உள்ளுக்குள் ஒரு குட்டி சர்வராக ஓடும், திரை பிரவுசரில் வரும். பில்லையும் பிரவுசரிலிருந்தே அச்சிடுவதால் தமிழ் எழுத்து உடையாமல் வருகிறது.

தமிழ் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். கோ மொழியை உருவாக்கிய மூவரில் இருவரான கென் தாம்சனும் ராப் பைக்கும்தான், எல்லா மொழி எழுத்துகளையும் கம்ப்யூட்டரில் சேமிக்கும் முறையான யூடிஎஃப்-8-ஐயும் 1992-இல் வடிவமைத்தவர்கள், அதனால் கோ மொழியில் தமிழ் இயல்பாகவே ஓடும். ஆனால் ‘அம்மா’வின் நீளத்தைக் கேட்டால் 15 என்று சொல்லும், ஏனென்றால் அது எண்ணுவது பைட்டுகளை. ரூன் கணக்கில், அதாவது புள்ளியையும் துணைக்காலையும் தனித்தனிக் குறியாக எண்ணிப் பார்த்தால் 5, நம் கண்ணுக்கு 3 எழுத்து. சரக்குப் பெயர் நீளமாக இருக்கிறதென்று ரூன் கணக்கில் வெட்டினாலும் ‘பட்டு’வில் புள்ளி போய் ‘பட’ என்று நிற்கலாம். வெட்டாமல் அடுத்த வரிக்கு விடுங்கள்.

பிழை இருக்கிறதா என்று ஒவ்வொரு இடத்திலும் மூன்று வரி எழுதவைப்பது சலிப்புதான், பயன்படுத்தாத பேக்கேஜ் ஒன்றை விட்டுவைத்தால் கம்பைலே ஆகாது. புதிதாக வருபவர்களுக்குக் கோபம் வரும், பழகிவிடும். அப்புறம், 2012-இல் 1.0 வந்தபோதே பழைய கோட் புது வெர்ஷனிலும் ஓடும் என்று வாக்குக் கொடுத்தார்கள், அதைக் காப்பாற்றியும் வருகிறார்கள். கணக்குகளைச் சேமிக்க எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸைச் சேர்க்கும்போது, அதோடு இணைக்கும் டிரைவரில் முழுக்க கோ மொழியிலேயே எழுதியதை எடுங்கள், இல்லையென்றால் சி கம்பைலர் கேட்டு உயிரை வாங்கும்.

எழுத உட்காருவதற்கு முன் கடை மிஷினைப் பார்த்துவிடுங்கள். நம் பக்கம் இன்னும் விண்டோஸ் 7 ஓடுகிற கல்லாக்கள் உண்டு, கோ 1.21-லிருந்து குறைந்தது விண்டோஸ் 10 வேண்டும். அந்த மிஷினுக்கு 1.20-தான் கடைசி, அதற்கும் இனி பாதுகாப்புத் திருத்தம் வராது. நெட் இணைப்பே இல்லாத மிஷின் என்றால் மட்டும் 1.20-இல் எழுதிக் கொடுங்கள்.