ஹால்ஸ்டாட்: ரயிலில் போங்கள், மண்டையோடுகளைப் பாருங்கள்

ஆஸ்திரியாவின் ஹால்ஸ்டாட்டுக்குச் சால்ஸ்பர்க்கிலிருந்து ஒரே நாளில் போய்வரலாம். சுற்றுலா பஸ்ஸைவிட ரயிலையே சிபாரிசு செய்வேன். நிலையம் ஏரியின் கிழக்குக் கரையில், ஊர் எதிர்க்கரையில்; இறங்கியதும் படகு. மலைச்சரிவில் அடுக்கடுக்காக ஏறும் மரவீடுகளை முதலில் நீர்மேலிருந்து பார்ப்பதே அழகு.

இறங்கினால் கைப்பேசிக் கூட்டம். ஆயிரம் பேர்கூட வசிக்காத ஊர் இதை எப்படித்தான் தாங்குகிறதோ! அடுத்தவர் வீட்டு வாசலில் நின்று படமெடுப்பவர்களைப் பார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது.

என்னை நெடுநேரம் நிறுத்தியது கத்தோலிக்கத் தேவாலயத்தை ஒட்டிய எலும்பு மண்டபம். கல்லறைத் தோட்டத்தில் இடம் போதாததால் பழைய எலும்புகளைத் தோண்டியெடுத்து, மண்டையோடுகளில் பெயரும் இலையும் பூவும் தீட்டி அடுக்கியிருக்கிறார்கள். தீட்டியவை மட்டும் 600-க்கும் மேல். பயமே வரவில்லை; தாத்தா பாட்டி படங்கள் மாட்டிய கூடத்தில் நிற்பது போலத்தான் இருந்தது.

கரையோர உணவகம் ஒன்றில் ஏரி மீன் சாப்பிட்டேன். உப்புக்குப் பேர்போன ஊரில் உப்புதான் குறைவு! விலையில் குறைவில்லை. உப்புச் சுரங்கமும் பார்க்க வேண்டுமானால் காலையிலேயே மேலே ஏறிவிடுங்கள். கடைசிப் படகின் நேரத்தை இறங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.