மெரினோ என்று சொல்லி அக்ரிலிக்: கிறிஸ்மஸுக்குப் பின்னுகிறவர்கள் கவனத்துக்கு

கிறிஸ்மஸ் பரிசாக ஸ்வெட்டரோ சால்வையோ பின்ன, இன்ஸ்டாகிராமில் "நூறு சதவீத மெரினோ" (மெரினோ ஆட்டின் மென்மையான கம்பளி) என்று போட்டு விற்கிறவர்களிடம் மொத்தமாக நூல் வாங்கப் போகிறீர்களா? பணம் அனுப்பும் முன் இதைப் படித்துவிடுங்கள். மாதிரிக்கு அசல் கம்பளியை அனுப்பிவிட்டு, மொத்த ஆர்டரில் செயற்கை இழையான அக்ரிலிக்கைத் தள்ளிவிடும் வேலை நடக்கிறது. எங்கள் குழுவுக்கு 27,000 ரூபாய் போனது. பணம் போனதைவிட எனக்குப் பெரிய கவலை வேறொன்று, அதையும் சொல்கிறேன்.

நாங்கள் ஊட்டியில் ஒரு சபையைச் சேர்ந்த பெண்கள். ஒவ்வொரு வருடமும் கிறிஸ் மாம், கிறிஸ் சைல்டு சீட்டு எடுப்போம். கல்லூரி விடுதியில் இருந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். சீட்டில் யார் பெயர் வருகிறதோ அவருக்கு யாரென்று காட்டிக்கொள்ளாமல் பரிசு வைத்து, கடைசி நாளில்தான் முகத்தைக் காட்டுவோம். இந்த முறை எங்களுக்குள்ளேயே மாற்றிக்கொள்ளாமல், பக்கத்து முதியோர் இல்லத்தில் இருக்கும் இருபது பேரின் பெயரைச் சீட்டில் எழுதினோம். பின்னுவதற்கு நாள் வேண்டுமே என்று செப்டம்பரிலேயே எடுத்தாயிற்று. ஆளுக்கு ஒரு கம்பளிச் சால்வை, அவரவர் கையால் பின்னியது. எங்களுக்குத் திருப்பித் தர அவர்களும் பழைய துணியில் மிதியடி தைக்க ஆரம்பித்திருந்தார்கள். எனக்கு வந்த சீட்டு, எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டியுடையது.

ஏன் கம்பளிதான் வேண்டும் என்று நின்றோம்? நவம்பர் பிறந்தால் இங்கே உறைபனி. தலைக்குந்தா பக்கம் விடிகாலையில் புல்வெளி வெள்ளையாகக் கிடக்கும். குளிருக்கு அக்ரிலிக்கும் ஓரளவு தாங்கும், ஆனால் அந்த இல்லத்தில் மாலையானால் எல்லோரும் கணப்பைச் சுற்றித்தான் உட்காருவார்கள். கம்பளி அவ்வளவு எளிதில் பற்றாது. பற்றினாலும் நெருப்பை விலக்கியதும் பெரும்பாலும் தானே அணையும். அக்ரிலிக் உருகும், உருகியது தோலில் ஒட்டிக்கொள்ளும். கை நடுங்குகிற வயதானவர் மடியில் ஒரு கங்கு விழுந்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். இதை அந்த விற்பனையாளரிடம் வாட்ஸ்அப்பில் எழுத்திலேயே சொன்னோம். "கவலைப்படாதீங்க சிஸ்டர், பியூர் மெரினோ, நான் கேரண்டி" என்று பதில் வந்தது. தெரிந்தே செய்தார்கள் என்பதுதான் எனக்கு ஆறவே இல்லை.

ஊர்க் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் லூதியானாவிலிருந்து வரும் அக்ரிலிக் நூல்தான். அதில் தப்பில்லை, கேட்டால் அக்ரிலிக் என்றே சொல்லித்தான் கொடுக்கிறார்கள். சாண்டிநல்லா ஆட்டு ஆராய்ச்சி நிலையத்தில் நீலகிரி ஆட்டோடு மெரினோவைக் கலந்து சாண்டினோ என்ற இனத்தையே உருவாக்கிய மாவட்டம் இது. இங்கே இருந்துகொண்டு நல்ல கம்பளி நூலுக்கு ஆன்லைனில் அலைய வேண்டியிருப்பது எனக்கு நெடுநாள் வருத்தம்.

முதலில் ஒரு சிட்டம், அதாவது 100 கிராம் நூல் கட்டு ஒன்று, மாதிரிக்கு வாங்கினோம். பிரமாதமான நூல். அதை நம்பி ஆறு கிலோ ஆர்டர் கொடுத்தோம், 100 கிராம் 450 ரூபாய், ஊர்க் கடை அக்ரிலிக்கைப்போல மூன்று மடங்குக்கும் மேல். கூகுள் பேயில் முழுப் பணமும் முன்கூட்டியே. ஐந்து ஐந்து சிட்டமாகக் கட்டிய பொட்டலங்கள் வந்தன. மேலே இருந்ததைத் தொட்டுப் பார்த்தோம், மாதிரியில் வந்த அதே நூல். பங்கு பிரித்து எல்லோரும் பின்ன உட்கார்ந்துவிட்டோம்.

முதல் சால்வையை முடித்தவர் எங்களில் மூத்தவரான டீச்சரம்மா. வெதுவெதுப்பான தண்ணீரில் ஊறவைத்து, துண்டில் சுருட்டிப் பிழிந்து, மெத்தைமேல் விரித்து ஓரமெல்லாம் குண்டூசி குத்திக் காயவைத்தார். கம்பளி என்றால் நனைந்ததுமே லேசான ஆட்டு வாடை வரும், காய்ந்தபின் விரித்த அளவிலேயே நிற்கும். இதில் வாடையே இல்லை. ஊசியை எடுத்ததும் ஓரங்கள் பழையபடி சுருண்டுகொண்டன. அவர் ஒன்றும் பேசாமல் மெழுகுவர்த்தி ஏற்றி, நூல் நுனியை இடுக்கியில் பிடித்துக் காட்டினார். நூல் சட்டென்று சுருங்கி, கரும்புகை விட்டு, சொட்டாக உருகியது. ஆறியதும் நுனியில் கறுப்பாக ஒரு கெட்டி மணி, நகத்தால் நசுக்க முடியவில்லை. மிச்சமிருந்த மாதிரி நூலைக் காட்டினால் முடி கருகும் நாற்றம், தானாக அணைந்தது, கரியை விரலில் தேய்த்ததும் பொடியாகிவிட்டது.

பிரிக்காமல் வைத்திருந்த பொட்டலங்களை அவிழ்த்துப் பார்த்தோம். ஒவ்வொன்றிலும் மேல் சிட்டம் மட்டும் கம்பளி. கீழே நான்கும் அக்ரிலிக், அதே சாயம்.

கேட்டபோது முதலில் வந்த பதில், "இது சூப்பர்வாஷ் மேம், அதான் அப்படி எரியுது." இந்தப் பேச்சை யாரும் நம்ப வேண்டாம். சூப்பர்வாஷ் என்பது துவைத்தால் சுருங்காமலிருக்க, வழக்கமாகக் குளோரினில் பதப்படுத்தி மேலே மெல்லிய ரெசின் பூச்சு கொடுத்த கம்பளி. உள்ளே இருப்பது அதே ஆட்டு முடிதான், அதே முடி கருகும் நாற்றம்தான் வரும். அடுத்து, ஆஃபர் விலை என்பதால் நோ ரிட்டர்ன் என்றார்கள். அதற்கடுத்து பிளாக்.

ஆகவே மொத்த ஆர்டர் வந்தால் மேலே உள்ளதைத் தொட்டுப் பார்ப்பதோடு நிறுத்தாதீர்கள். பார்சல் பிரிப்பதை வீடியோ எடுங்கள், ஒவ்வொரு சிட்டத்திலிருந்தும் ஒரு விரல் நீளம் வெட்டி எரித்துப் பாருங்கள். கலப்பு நூல் என்றால் முடி நாற்றமும் வரும், கெட்டி மணியும் மிஞ்சும், குழப்பும். அப்போது துணிக்குப் போடும் குளோரின் ப்ளீச்சைக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி நூல் துண்டைப் போட்டு வைத்துவிடுங்கள். கம்பளி சில மணி நேரத்தில் கரைந்து காணாமல் போகும், அக்ரிலிக் அப்படியே கிடக்கும். காற்றோட்டமான இடத்தில் செய்யுங்கள், அந்த ப்ளீச்சில் வினிகரோ கழிப்பறை ஆசிடோ ஒரு சொட்டுகூடச் சேரக் கூடாது, விஷவாயு வரும். எங்களுக்கு வந்த சிட்டங்களில் தயாரிப்பாளர் பெயர், முகவரி, எடை, விலை எதுவும் அச்சிட்ட லேபிளே இல்லை. பொட்டலப் பொருட்களுக்கான 2011 விதிகள் இவற்றையெல்லாம் கேட்கின்றன.

"நோ ரிட்டர்ன்" என்று எழுதிவிட்டால் முடிந்தது என்று நினைக்காதீர்கள். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளைத் திரும்ப எடுக்க மறுக்கக் கூடாது என்று 2020-ல் வந்த மின்வணிக விதிகள் சொல்கின்றன. நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிந்து, பலன் இல்லாததால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுத்திருக்கிறோம். பொருளுக்குக் கொடுத்த பணம் ஐந்து லட்சம் வரை என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. பணத்தை வாங்கிக்கொண்டு ஆளே காணாமல் போனால் இணைய மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள், சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை நிறுத்தி வைக்க வழியுண்டு.

சால்வைத் திட்டத்தைக் கைவிட்டோம். பன்னிரண்டு பொட்டலங்களின் மேல் சிட்டங்களையும் சேர்த்தால் 1,200 கிராம் அசல் கம்பளி. ஆளுக்கு 60 கிராமில் இருபது குல்லா பின்னிக் கொடுத்தோம்.

மனு நிலுவையில் இருப்பதால் பெயரை எழுதவில்லை. அந்தப் பக்கம் இப்போது இல்லை, அதே படங்களோடும், அசல் கம்பளி என்று நூலை எரித்துக் காட்டி அவர்கள் போட்டிருந்த அதே வீடியோவோடும் வேறு பெயரில் ஒன்று கிளம்பியிருக்கிறது. இதே மாதிரி உங்களுக்கும் வந்திருந்தால் நூலைத் தூக்கி எறிய வேண்டாம். பொட்டலம், கூரியர் சீட்டு, வாட்ஸ்அப் பேச்சு, பணம் போன விவரம் எல்லாவற்றையும் பத்திரப்படுத்தி, உங்கள் மாவட்டத்திலேயே தனியாகப் புகார் கொடுங்கள்.