யூதப் பூர்வீகம் தேட: டிஎன்ஏ சோதனையா, பழைய பதிவேடுகளா?

என் கணவரின் அம்மா வழியினர், கலீசியாவிலிருந்து (அன்று ஆஸ்திரிய ஆட்சியில் இருந்தது; இன்று போலந்துக்கும் உக்ரைனுக்கும் இடையே பிரிந்து கிடக்கும் பகுதி) நியூயார்க்குக்குக் கப்பலேறிய அஷ்கெனாசி யூதர்கள், அதாவது மத்திய, கிழக்கு ஐரோப்பிய யூதர்கள். அவர்களுடைய வேரைத் தேட டிஎன்ஏ சோதனை, காகித ஆவணம் இரண்டையும் முயன்றோம். யாராவது கேட்டால் இப்போது ஆவணங்களைத்தான் சொல்வேன்.

டிஎன்ஏவின் வசதி தெரிந்ததே. குப்பியில் துப்பி அனுப்பினால் உறவினர் பட்டியல் வந்துவிடும். சிக்கலே அந்தப் பட்டியல்தான். அஷ்கெனாசி மக்கள்தொகை 600 முதல் 800 ஆண்டுகளுக்கு முன் சில நூறு பேர் அளவுக்குச் சுருங்கியிருந்தது என்கிறது 2014-இல் வந்த ஒரு மரபணு ஆய்வு. அப்புறம் தலைமுறை தலைமுறையாகத் தங்களுக்குள்ளேயே கல்யாணம். சொந்தத்தில் பெண் எடுக்கும் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பல வழிகளில் வந்த குட்டிக் குட்டி டிஎன்ஏ துண்டுகள் சேர்ந்து, மிகத் தூரத்து உறவையும் நெருங்கிய சொந்தமாகக் காட்டிவிடுகின்றன. அதனால் நான் மொத்த அளவைப் பார்ப்பதில்லை. ஒரே துண்டு 20 சென்டிமார்கனை (டிஎன்ஏ துண்டின் நீளத்தைக் குறிக்கும் அளவு) தாண்டினால்தான் அந்த உறவினருக்குக் கடிதம் எழுதுவேன். 2023-இல் 23அண்ட்மீ என்ற டிஎன்ஏ சோதனை நிறுவனத்தின் தகவல் கசிந்தபோது, அஷ்கெனாசிகளின் விவரங்கள் தனிப் பட்டியலாகவே இணையத்தில் விற்பனைக்கு வந்ததையும் மறக்க முடியவில்லை.

ஆவண வழிக்கு முதலில் வேண்டியது ஊர்ப் பெயர். 'ஆஸ்திரியா' என்று மட்டும் தெரிந்தால் போதாது. 1906-க்குப் பிந்தைய அமெரிக்கக் குடியுரிமை மனுக்களில் பிறந்த ஊர் இருக்கும். நியூயார்க் துறைமுகத்தில் குடியேறிகளைச் சோதித்த எல்லிஸ் தீவு அதிகாரிகள் பெயரை மாற்றிவிட்டார்கள் என்று பல குடும்பங்களில் ஒரு கதை உண்டு. அதை நம்ப வேண்டாம். பயணிகள் பட்டியல் கப்பல் கிளம்பிய துறைமுகத்திலேயே எழுதப்பட்டது. பழைய பெயரில் தேடுங்கள். ஊர் கிடைத்ததும் யூதக் குடும்பப் பதிவுகளைத் தேட உதவும் ஜூயிஷ்ஜென், ஜேஆர்ஐ-போலந்து, கெஷர் கலீசியா இணையதளங்களுக்குப் போகலாம். எழுத்து மாறினாலும் ஒலியை வைத்துத் தேடும் டைச்-மொகோட்டாஃப் முறை ஜூயிஷ்ஜென்னில் உண்டு.

கலீசியாவில் தேடுகிறவர்களைத் திணறடிப்பது ஒன்றுதான்: திருமணப் பதிவு. பல தம்பதிகள் மதச் சடங்கோடு நிறுத்திக்கொண்டார்கள். ஆஸ்திரிய அரசு அதை ஏற்கவில்லை. விளைவு, பிள்ளைகள் 'முறையற்ற பிறப்பு' என்று அம்மாவின் குடும்பப் பெயரில் பதிவானார்கள். அப்பாவின் பெயர், அவர் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டிருந்தால், குறிப்புப் பத்தியில் இருக்கும். பின்னாளில் பதிவுத் திருமணம் செய்துகொண்டவர்களும் உண்டு. சில குடும்பங்களில், பேரப்பிள்ளை பிறந்த பிறகு தாத்தா பாட்டிக்குக் கல்யாணம் நடந்ததாகப் பதிவேடு சொல்லும். அப்பா பெயரில் தேடி ஒன்றும் கிடைக்காமல், ஆவணமே எரிந்துபோயிருக்கும் என்று முடிவுகட்டுகிறவர்கள் நிறைய. அம்மா, பாட்டி குடும்பப் பெயர்களில் தேடினால் கதவு திறக்கும். எங்களுக்கு அப்படித்தான் திறந்தது. கூடவே கல்லறைக் கல்லையும் பாருங்கள். எபிரேயத்தில் இறந்தவரின் அப்பா பெயர் பொறித்திருக்கும். செலவில்லாமல் ஒரு தலைமுறை மேலே போகலாம்.

டிஎன்ஏ ஜெயிக்கும் இடமும் உண்டு. தத்துப் பிள்ளைகளுக்கும், நாஜிகளின் யூத இனப்படுகொலையில் சிதறிய நெருங்கிய சொந்தங்களுக்கும் வேறு வழியே இல்லாமல் போகலாம்; பெரியப்பா பிள்ளை அளவிலான பொருத்தம் பொய் சொல்லாது. செபார்டிக் (ஸ்பெயின், போர்ச்சுகல் வழிவந்த யூத) குடும்பங்களுக்கு என் கணக்கு எவ்வளவு பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். என் அனுபவம் கலீசியாவோடு சரி.

சோதனையும் செய்யத்தான் போகிறீர்கள் என்றால், வீட்டில் மூத்தவரிடம் குப்பியைக் கொடுங்கள். பேரனிடம் பாட்டியின் டிஎன்ஏவில் சுமார் கால் பங்குதான் மிஞ்சும்.