பாதரசமா, ஆல்கஹாலா: ஆய்வகத்துக்கு எந்த வெப்பமானி?

பள்ளி ஆய்வகத்துக்கு வெப்பமானி வாங்கும்போது வரும் குழப்பம் இது. வேலை செய்யும் விதம் ஒன்றுதான்: சூடானால் திரவம் கண்ணாடியைவிட அதிகம் விரியும், இடம் போதாமல் குழாயில் ஏறும்.

விரிவு: பாதரசம் டிகிரிக்குச் சுமார் 0.00018 பங்கு, ஆல்கஹால் ஏறக்குறைய அதன் ஆறு மடங்கு.

குளிர்: பாதரசம் −39 டிகிரியில் உறைந்துவிடும், ஆல்கஹால் −114 வரை தாங்கும்.

சூடு: பாதரசம் கொதிக்க 357 டிகிரி வேண்டும், ஆல்கஹாலுக்கு 78 போதும். (110 வரை கோடு போட்ட சிவப்பு வெப்பமானிக்குள் பெரும்பாலும் வேறு எண்ணெய்த் திரவம்தான்.)

துல்லியம்: பாதரசம் கண்ணாடியில் ஒட்டாது, அளவு சுத்தமாகத் தெரியும். ஆல்கஹால் சுவரில் ஒட்டும். சில சமயம் சிவப்புக் கோடு நடுவில் அறுந்து நிற்கும். அதைக் கவனிக்காமல் மேல்முனையைப் படித்தால் கணக்கே தப்பு.

உடைந்தால்: ஆல்கஹாலைத் துடைத்துவிடலாம், நெருப்பு மட்டும் பக்கத்தில் வேண்டாம். பாதரசமோ மணிமணியாகச் சிதறித் தரை இடுக்கில் புகுந்துகொள்ளும். அறை வெப்பத்திலேயே நச்சு ஆவி விடும். பாதரசப் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் உலக ஒப்பந்தமான மினமாட்டா உடன்படிக்கை, பாதரச வெப்பமானித் தயாரிப்புக்கு 2020-ஐக் கெடுவாக வைத்ததும் அதனால்தான்.

மாணவர் கையில் கொடுக்க, உறைபெட்டியில் வைக்க ஆல்கஹால். 200 டிகிரி எண்ணெயை அளக்க, ஆசிரியர் கையில் மட்டும், பாதரசம். காசு இருந்தால் அதற்கும் டிஜிட்டலே மேல்.