எச்சிலா, முடியா? தோல் தொழிலாளரின் கார்டிசோலை அளக்க

ஆம்பூர் ஷூ கம்பெனியிலோ ராணிப்பேட்டை தோல் ஷெட்டிலோ வேலை செய்கிறவர்களின் மன அழுத்தத்தை, அதாவது அழுத்தத்தில் உடல் சுரக்கும் கார்டிசோல் ஹார்மோனை, அளக்க ஊசி குத்தாத வழி இரண்டு: எச்சில், முடி.

எச்சில் அன்றைய நாளைச் சொல்லும். கண் விழித்ததும், அதிலிருந்து 30, 45 நிமிடங்களில், பிறகு படுக்கும்முன் பஞ்சை மென்று எச்சில் மாதிரி கொடுக்க வேண்டும். விழித்த 30–45 நிமிடத்தில் கார்டிசோல் உச்சத்துக்கு ஏறும். பார்க்க வேண்டியது அந்த ஏற்றத்தைத்தான். சிக்கலும் அங்கேதான். கம்பெனி வேனைப் பிடிக்கும் அவசரத்தில் டீ குடித்து, பல் தேய்த்துவிட்டுப் பஞ்சை மென்றால் கணக்கு கெட்டது. ஈறில் கசியும் ரத்தம் அளவைக் கூட்டிக் காட்டும். நைட் ஷிப்டுக்காரருக்குக் கடிகாரம் உதவாது, விழித்த நேரமே கணக்கு. மாதிரியை உறைநிலையில் வைக்க வேண்டும்.

முடி பொறுமையானது. பின்னுச்சியில் தோலை ஒட்டி வெட்டிய 3 செ.மீ., ஏறக்குறைய மூன்று மாதக் கதை. வேர்ப்பக்கத்தை நூலால் கட்டி அலுமினியத் தாளில் மடித்தால் போதும், ஃப்ரிட்ஜ் வேண்டாம். சாயம், ப்ளீச் கெடுக்கும். திருப்பதியில் மொட்டை போட்டு வந்தவரிடம் மூன்று மாதம் காத்திருக்கணும்.

ஏற்றுமதி ஆர்டர் நெருக்கும் சீசனை அளக்க முடியையே எடுப்போம். ஷிப்ட் மாற்றத்தின் பாதிப்புக்கு எச்சில். ஸ்டீராய்டு மருந்து எடுப்பவரை இரண்டிலும் தனியாகக் குறியுங்கள். மாதிரியில் எண் மட்டும் எழுதுங்கள். ரிசல்ட் சூப்பர்வைசர் கைக்குப் போகவே கூடாது.