மோனா லிசாவா, ஐஸ் குச்சிப் பாலமா?

என் மகளுக்கு எட்டு வயது. ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் கலை செழித்த இத்தாலிய மறுமலர்ச்சிக் காலத்தை அவளுக்குக் காட்ட இரண்டு வழிகளிலும் முயன்றுவிட்டேன். ஒன்று, கனமான ஓவியப் புத்தகம். மற்றது, மோனா லிசாவை வரைந்த லியோனார்டோ டா வின்சியின் குறிப்பேடுகளில் இருப்பதை வீட்டில் செய்து பார்ப்பது. நான் இரண்டாவது கட்சி, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

புத்தகம் விலை கூடுதல், குச்சியும் கண்ணாடியும் வீட்டிலேயே கிடக்கும். அதில் பேச ஒன்றுமில்லை.

நான் பார்ப்பது ஒன்றைத்தான்: மறுநாள் நாம் கூப்பிடாமலே பிள்ளை அதைக் கையில் எடுக்கிறதா? மோனா லிசாவைப் பார்த்து, "இந்த ஆன்ட்டிக்கு ஏன்ப்பா புருவமே இல்ல?" என்றாள். நல்ல கேள்வி. ஆனால் அதோடு சரி, புத்தகம் அலமாரிக்குப் போய்விட்டது.

குறிப்பேடு அப்படி ஓயவில்லை. லியோனார்டோவின் குறிப்பேடுகளில் 7,000 பக்கங்களுக்கு மேல் இன்றும் மிஞ்சியிருக்கின்றன. லியோனார்டோ இடக்கைக்காரர், வலமிருந்து இடமாக எழுதியவர் என்று சொன்னேன். என் மகளும் இடக்கைதான். அன்று ராத்திரியே நோட்டில் திருப்பித் திருப்பி எழுதி, குளியலறைக் கண்ணாடியில் பிடித்துப் பார்த்தாள். "ட திரும்புது, ப மட்டும் திரும்பவே மாட்டேங்குதுப்பா!" இத்தனை வருஷம் தமிழ் எழுதுகிற எனக்கு அது தோன்றியதில்லை.

அப்புறம் அந்தக் குறிப்பேடுகளில் இருக்கும் பாலம். ஆணியும் கயிறும் இல்லாமல், கட்டைகளை ஒன்றுக்குள் ஒன்று செருகி நிற்க வைக்கும் வடிவம். மேலே அழுத்தினால் இறுகும், கீழிருந்து தூக்கினால் பொலபொலவென்று உதிரும். பென்சிலில் வழுக்கியது, ஐஸ் குச்சியில் நின்றது. மறுநாள் பள்ளிவிட்டு வந்ததும் பையைக் கழற்றாமல் குச்சிகளோடு உட்கார்ந்துவிட்டாள்.

மூன்றாவது, ஜன்னல் கண்ணாடி. ஒரு கண்ணை மூடிக்கொண்டு, வெளியே தெரியும் தெருவை மார்க்கரால் கண்ணாடியிலேயே வரையச் சொன்னேன். இரு பக்கத்து மதில்களும் தூரத்தில் ஒரு புள்ளிக்கு ஓடின. உடனே அலமாரிப் புத்தகத்தை எடுத்து, லியோனார்டோ 1495-98இல் மிலான் நகரில் ஒரு சுவரில் வரைந்த 'கடைசி இரவுணவு' படத்தின் மேல் ஸ்கேலை வைத்தோம். கூரை உத்தரங்கள் எல்லாம் இயேசுவின் நெற்றிப்பொட்டில் போய்ச் சேர்ந்தன. அந்த மிலான் சுவரில் அதே இடத்தில் ஆணி அடித்த துளை இருக்கிறது என்றேன். "நூல் கட்டி இழுத்திருப்பாரு!" என்றாள். அதன் பிறகு புத்தகத்தை அவளே தேடி எடுக்கிறாள்.

இந்த வழியிலும் ஓட்டை உண்டு. லியோனார்டோ நிஜமாகவே பறந்தார் என்று சில நாள் நம்பிக்கொண்டிருந்தாள். பறக்கும் இயந்திரம் காகிதத்தோடு நின்றதை நான்தான் சொல்ல மறந்துவிட்டேன். வத்திக்கானின் சிஸ்டைன் தேவாலய விதானத்தில் மைக்கலாஞ்சலோ தீட்டிய ஓவியங்களுக்கு வீட்டில் செய்து பார்க்க ஒன்றுமில்லை, அங்கே புத்தகம்தான். ஐந்து வயதுச் சின்னவன் குச்சிகளை முறித்ததோடு சரி. பதின்வயதுப் பிள்ளைகளிடம் எடுபடுமா என்பதை, அந்த வயதுப் பிள்ளை வைத்திருப்பவர்கள்தான் சொல்ல வேண்டும்.

புத்தகம் வாங்குவதாக இருந்தால் பாலம் நின்ற பிறகு வாங்குங்கள். பக்கம் பெரிதாக இருக்கட்டும், ஸ்கேல் வைக்க இடம் வேண்டும்.